கடல் கடந்து மீண்ட நாவலாசிரியர்: ப. சிங்காரத்தின் வாழ்வும் எழுத்தும்

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலைப் பகுதியை அடுத்துள்ள அரும்பாவூர், மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்ற ஊராகும். தேர்ச் சிற்பங்களும் இறைவன் திருவுருவங்களும் அவ்வூர்ப் பட்டறைகளில் உருவாகி வெளியூர்களுக்குச் செல்கின்றன. 2020ஆம் ஆண்டில் அரும்பாவூர் மரச்சிற்பம் புவிசார் குறியீடும் பெற்றது. சிற்பம் ஊர்விட்டு ஊர் செல்லுதல் போலவே, பொருள் தேடி மக்கள் கடல் கடந்து செல்லுதலும் அவ்வட்டாரத்திற்குப் புதிதன்று.

சில ஆண்டுகட்குமுன் அவ்வூரில் நிகழ்ந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் பாலைத்திணை குறித்து யாம் உரையாற்றினோம். உரை முடிந்தபின், சிங்கப்பூரில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பிய முதியவர் ஒருவர் எம்மை அணுகினார். "ஐயா, போனவனை நினைத்து வீட்டில் இருப்பவள் வருந்துவதை நன்றாகச் சொன்னீர்கள். போன இடத்தில் அவன் என்ன ஆனான் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா?" என்று வினவினார். அவ்வினாவிற்கு அன்று யாம் கூறிய விடை நிறைவுடையதன்று. அதனை இயன்றவரை நிறைவு செய்யும் முயற்சியே இக்கட்டுரை. அயல்நாட்டில் வாழ்ந்து மீண்டு, அவ்வாழ்வையே நாவலாக்கிய ப. சிங்காரத்தின் வரலாற்றையும் அவர்தம் இரு நூல்களையும் ஈண்டு ஆராய்வோம்.

மரபில் பிரிந்து சென்றோன்

தமிழ் இலக்கியம் பிரிவைப் பேசுவதில் வறுமையுற்றதன்று. பொருள்வயிற் பிரிவு என்பது அகத்திணையின் பெரும்பகுதியாகும். கடல்வழிப் பிரியுங்கால் மகளிரை உடன் கொண்டு செல்லுதல் இல்லை எனத் தொல்காப்பியம் வரையறுக்கின்றது. ஆகவே கடற்பிரிவு என்பது ஒருவர் செல்ல ஒருவர் தங்கும் நிகழ்ச்சியாகவே நம் மரபில் நிலைத்தது. தங்கியவள் பேசினாள், தோழி பேசினாள், செவிலி பேசினாள். சென்றவனும் பேசாமல் இல்லை. இடைச்சுரத்தில் நின்று அவன் நெஞ்சோடு கூறும் பாடல்கள் பல உள. ஆயினும் அவன் பேச்சு வழியிடையே நிகழ்வது, வீடு நோக்கியது. மொழிபெயர் தேயத்தை அடைந்தபின் அவன் எங்குத் தங்கினான், யாருக்குக் கீழ்ப் பணிபுரிந்தான், எம்மொழி பேசினான், அந்நாட்டார் அவனை எவ்வாறு நோக்கினர் என்பன அகப்பாடல்களின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

காப்பியங்கள் இவ்வெல்லையைச் சிறிது கடந்தன. மணிமேகலையில் வரும் சாதுவன் கலம் கவிழ்ந்து நாகர் மலையை அடைகின்றான். அவர்தம் மொழியை அறிந்திருந்தமையால் உயிர் பிழைக்கின்றான். அயலகத்தில் மொழியறிவே உயிர்க்காப்பு எனும் உண்மையை அன்றே அக்காப்பியம் கண்டது. சிலப்பதிகாரத்துக் கோவலனும் ஒருவகையிற் புலம்பெயர்ந்தவனே. புகாரில் பெருங்குடி வணிகனாயினும் மதுரையில் அவன் புதியவன். பொற்கொல்லன் பழி சுமத்தியபோது அவனுக்காகச் சான்று கூறுவார் இலராயினர். ஆயினும் சாதுவன் வரலாறு அறவுரைக்கும், கோவலன் வரலாறு ஊழ்வினைக்கும் சான்றாகக் கூறப்பட்டன. குடியேறியவன் வாழ்வு தன்னளவில் பாடுபொருளாதல் உரைநடைக் காலத்திற்கே உரியதாயிற்று.

அக்காலத்திலும் தொடக்கத்தில் நோக்கு தாயகத்திலிருந்தே எழுந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் காட்டினார். அது பெருஞ்சிறப்புடைய படைப்பு. எனினும் தோட்டத்தில் உழன்றவர் எழுதியதன்று. மலாயாவிலும் இலங்கையிலும் தமிழ் நாவல்கள் தோன்றாமல் இல்லை. ஆயின் கடையிற் சிற்றாளாக நின்று, போரைக் கண்டு, ஊர் திரும்பிய ஒருவர் அவ்வனுபவம் முழுவதையும் நாவலின் அகலத்தில் வைத்தமை சிங்காரத்தின் சிறப்பாகும்.

வாழ்க்கை

சிங்காரம் 1920ஆம் ஆண்டில் இன்றைய சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியில் பிறந்தார். உள்ளூரிலும் பின்னர் மதுரையிலும் பள்ளிக்கல்வி பெற்றார். 1938இல், பதினெட்டாம் அகவையில், சுமத்திராத் தீவின் மெடான் நகரில் தமிழர் ஒருவர் நடத்திய வட்டிக்கடையில் பணிபுரியக் கப்பலேறினார். சுமத்திரா அந்நாளில் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது.

அந்நாளைய வட்டிக்கடை அமைப்பை அறியாமல் சிங்காரத்தின் எழுத்தை முழுதும் உணர்தல் அரிது. பர்மா, மலாயா, சுமத்திரா முதலிய நாடுகளில் செட்டிநாட்டாரும் அவரைச் சார்ந்த பிறரும் லேவாதேவித் தொழில் நடத்தினர். கடைகள் முதலாளியின் பெயரெழுத்துகளால் ஆகிய விலாசத்தால் அறியப்பட்டன. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடலுக்கு அப்பால் கடையை ஆள்பவர் மேலாள். அவருக்குக் கீழ் அடுத்தாள். அவருக்கும் கீழ் பெட்டியடிப் பையன். பல கடைகள் ஒரே கிட்டங்கியில் அடுத்தடுத்து இயங்கும். பகலில் கணக்கு எழுதிய இடமே இரவில் படுக்கும் இடம். மூன்றாண்டு முடிந்து கணக்குத் தீர்த்தபின்னரே ஊர் செல்லுதல் இயலும். பதினெட்டு வயது இளைஞன் ஒருவனுக்கு அஃது ஒரு பள்ளியுமாகும், ஒரு சிறையுமாகும்.

1940இல் சிங்காரம் ஒருமுறை தாயகம் வந்து மீண்டும் இந்தோனேசியா சென்றார். பின்னர்ப் போர் சூழ்ந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ஜப்பானியர் வடசுமத்திராவில் இறங்கினர். கப்பற் போக்குவரத்து அறுந்தது. ஊர்க்கடிதம் இல்லை, பணம் அனுப்பும் வழியும் இல்லை. டச்சு நாணயத்தின் மதிப்புப் போயிற்று. புதிய நாணயத்தின் மதிப்பு நாளும் இறங்கிற்று. அக்காலத்தை அவர் அந்நாட்டிலேயே கழித்தார். அங்கு மணம் புரிந்தார். மகப்பேற்றில் மனைவியையும் குழந்தையையும் இழந்தார். பின்னர் மறுமணம் செய்துகொண்டிலர். 1945 ஆகஸ்டு 15இல் ஜப்பான் சரணடைந்தது. இரண்டு நாளில் இந்தோனேசியா தன் விடுதலையைப் பறைசாற்றியது. டச்சுக்காரருக்கு எதிரான போர் மூண்டது. இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் மூன்று ஆட்சிகளைக் கண்டபின், 1946இல் சிங்காரம் தாயகம் திரும்பினார்.

1947இல் மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் பணியேற்றார். அந்நாளிதழைச் சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கினார். அவரும் சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்து மீண்டவரே. சிங்காரம் 1987 வரை நாற்பது ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். நெடுங்காலம் மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியின் ஓர் அறையே அவருக்கு வீடாயிற்று. தம் சேமிப்பை ஏழை மாணவர் கல்விக்கென அளித்தார். 1997 டிசம்பரில் மறைந்தார்.

இவ்வரலாற்றில் ஒன்று கருதத்தக்கது. அயலகத்தில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ எட்டு ஆண்டுகளே. மதுரையில் வாழ்ந்தது ஐம்பது ஆண்டுகள். எனினும் அவர் எழுதிய இரு நாவல்களும் அந்த எட்டு ஆண்டுகளிலேயே வேரூன்றியவை. ஊரில் இருந்தபோதும் குடும்பமின்றி, விடுதியறையில், கிட்டங்கி வாழ்வின் நீட்சி போன்றதொரு வாழ்வையே அவர் வாழ்ந்தார். திரும்பிவருதல் என்பது கப்பலிலிருந்து இறங்குவதோடு முடிந்துவிடுவதன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.

ஓர் ஒப்புமை

உலக இலக்கியத்தில் இதனோடு ஒப்பிடத்தக்கவர் ஜோசப் கான்ராடு (1857-1924). போலந்துக் குடியிற் பிறந்து, இளமையிலேயே கடற்பணி மேற்கொண்டு, மலாய்த் தீவுகளின் கடற்பரப்பை நேரிற் கண்டவர் அவர். 1895இல் வெளிவந்த அவர்தம் முதல் நாவல் போர்னியோத் தீவைக் களனாகக் கொண்டது. எனினும் இருவர்க்கும் உள்ள வேறுபாடு பெரிது. கான்ராடு குடியேறிய நாட்டின் மொழியாகிய ஆங்கிலத்தில் எழுதி, அந்நாட்டாரின் எழுத்தாளர் ஆயினார். சிங்காரம் ஊர் மீண்டு, தாய்மொழியில், கடல் கடவாத வாசகர்க்கு எழுதினார். கான்ராடின் துறைமுகங்களில் ஐரோப்பியன் நடுவில் நிற்கின்றான். சிங்காரத்தின் துறைமுகங்களில் சீனக் கடைக்காரரும் மலாய்ப் படகோட்டியும் டச்சு அதிகாரியும் ஜப்பானியப் படைவீரனும் சூழ, அவரிடையே கணக்கேட்டைக் கையிற்கொண்ட தமிழன் நிற்கின்றான். வெற்றி கொண்ட இனத்தாரும் அல்லர், மண்ணுக்குரியவரும் அல்லர். வட்டி வாங்குவதால் வெறுக்கப்படுவோர். அடிமை நாட்டினர் ஆதலின் மதிக்கப்படாதோர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை ஒளிவுமறைவின்றிக் கூறியமை சிங்காரத்தின் நேர்மைக்குச் சான்றாகும்.

முதல் நாவல்

'கடலுக்கு அப்பால்' 1950இல் எழுதப்பெற்றது. 'கலைமகள்' நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று. கதை பினாங்கில் நிகழ்வது. செல்லையா என்னும் இளைஞன் வயிரமுத்துப் பிள்ளையின் கடையில் பணிபுரிகின்றான்; பிள்ளையின் மகள் மரகதத்தின் மீது அன்பு கொள்கின்றான். இடையே இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து போரிடுகின்றான். போர் முடிந்து திரும்பியபோது பிள்ளை அவனை மருமகனாக ஏற்க மறுக்கின்றார். துப்பாக்கி ஏந்திய கை இனிக் கணக்கெழுதாது என்பது அவர் துணிபு. காதலர் பிரிகின்றனர்.

இக்கதையை வெறுங் காதற்கதையாகக் கொள்ளுதல் பொருந்தாது. வயிரமுத்துப் பிள்ளை கொடியவர் அல்லர். கடை என்பது அவர்க்குத் தொழில் மட்டுமன்று. அயல்மண்ணில் தமக்கென அமைந்த ஒரே ஒழுங்கு. பணிவும் சிக்கனமும் மேலோர்க்கு அஞ்சுதலும் அவ்வொழுங்கின் தூண்கள். போரோ, பெட்டியடிப் பையனைப் படையதிகாரி ஆக்கியது. பிறர்க்கு ஆணையிடக் கற்பித்தது. அவ்வாறு நிமிர்ந்தவன் மீண்டும் குனிதல் அரிது. இவ்வாறு குடியேறியோர் சமுதாயத்தில் தலைமுறைகட்கிடையே விழுந்த பிளவையே அந்நாவல் காதலின் வாயிலாகக் காட்டுகின்றது என யாம் கருதுகின்றோம்.

இரண்டாம் நாவல்

'புயலிலே ஒரு தோணி' 1962இல் எழுதப்பெற்றது. ஜப்பானியர் மெடானில் நுழையுங்காலத்தில் கதை தொடங்குகின்றது. பாண்டியன் என்னும் இளைஞன் தொங்கானில் கடல் கடந்து பினாங்கு செல்கின்றான். வழியில் புயல் தாக்குகின்றது. தொங்கான் பிழைக்கின்றது, ஆயின் நூலின் பெயர் அந்த ஒரு பயணத்தோடு நில்லாது, போரிடையே சிதறிய அனைவர் வாழ்வுக்கும் உரியதாகின்றது. பாண்டியன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கின்றான். போர் முடிந்தபின் இந்தோனேசியக் கொரில்லாப் படையோடு இணைந்து டச்சுக்காரரை எதிர்க்கின்றான். இறுதியில் ஊர் திரும்பும் எண்ணம் தோன்றியும் திரும்பாது அயல்மண்ணிலேயே கொல்லப்படுகின்றான். பாண்டியனின் செயல்களை ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்புகளாகக் கொள்ளுதல் பிழையாகும். ஆசிரியர் மீண்டார், அவர் படைத்தவன் மீளவில்லை. மீண்டவர் ஒருவர், மீளாதார் பலர்பொருட்டு எழுதியதாகவே இம்முடிவைக் கொள்ளல் வேண்டும்.

இந்நாவலின் சிறப்பியல்புகள் மூன்றனை ஈண்டுச் சுட்டுவோம்.

முதலாவது, நினைவின் இடம். அயலூர்த் தெருவில் நடக்கும் பாண்டியனின் நெஞ்சில் சின்னமங்கலம் என்னும் ஊரும் மதுரைத் தெருக்களும் இடையறாது எழுகின்றன. ஊரின் சிறுமைகளும் அந்நினைவில் இடம்பெறுகின்றன. தான் எதனை விட்டுவந்தோம் என்பதைப் பாண்டியன் அன்போடும் எரிச்சலோடும் ஒருங்கே நினைக்கின்றான். ஊரை வாயாரப் புகழ்வோன் அதனை நேர்நின்று காண்பதில்லை. தொலைவிலிருந்து வெறுப்போனும் காண்பதில்லை. பாண்டியன் காண்கின்றான்.

இரண்டாவது, எள்ளல். பினாங்கில் நண்பர்கள் கூடிப் பேசும் பகுதிகளில் தமிழரின் பழம்பெருமைப் பேச்சுகள் கடுமையாக எள்ளப்படுகின்றன. தமிழாசிரியர் பலர்க்கு இப்பகுதிகள் உவப்பாய் இருத்தல் அரிது. எமக்கும் முதல் வாசிப்பில் நெருடலாகவே இருந்தன. ஆயின் அவ்வெள்ளல் பிறந்த இடத்தை நோக்குதல் வேண்டும். தாயகத்தில் பெருமை பேசுங்கால் எதிரில் இருப்பவரும் தமிழரே. ஆகவே அளவுகோல் வேண்டப்படுவதில்லை. அயலகத்திலோ பக்கத்துக் கடைச் சீனரும், நாட்டுக்கென உயிர்விடும் இந்தோனேசிய இளைஞரும் அளவுகோலாகின்றனர். அவர்களிடையே நின்று தன் இனத்தை அளந்து பார்ப்பவனுக்குப் பழம்பெருமை மட்டும் போதுவதில்லை. அவனது எள்ளல் பகையினின்று தோன்றியதன்று. தன் மக்கள் இன்னும் மேலோராக இருத்தல் வேண்டும் என்னும் ஆற்றாமையினின்று தோன்றியது.

மூன்றாவது, மொழி. பழந்தமிழ்த் தொடர்களின் ஓசையும் செட்டிநாட்டுக் கடைவழக்கும் மலாய்ச் சொற்களும் ஒரே பக்கத்தில் அருகருகே இயங்குகின்றன. துறைமுக நகரத் தமிழன் காலையில் மலாய் மொழியில் விலைபேசி, பகலில் கணக்குத் தமிழில் எழுதி, இரவில் ஊர்ப்பேச்சிற் கதைபேசி உறங்கினான். அவ்வாழ்வைத் தூய ஒரே நடையில் எழுதுதல் பொய்யாகும். சாதுவனுக்கு நாகர் மொழி உயிர் காத்தது போல, பாண்டியனுக்கும் அவன் தோழர்க்கும் இக்கலவை மொழியே கலமாயிற்று.

பத்து ஆண்டுகளும் அதன் பின்னும்

1962இல் எழுதப்பெற்ற இந்நாவல் பத்து ஆண்டுகள் கழித்து, 1972இல், கலைஞன் பதிப்பகத்தின் வாயிலாக வெளிவந்தது. நூலின் இயல்பை நோக்கின் அத்தாழ்ச்சி வியப்பன்று. வழக்கமான காதற்கதை இல்லை. வாசகர் அறிந்த ஊர்கள் இல்லை. அறிந்த பெருமைகள் எள்ளப்பட்டுள்ளன. வெளிவந்த பின்னரும் நூல் பரவலாகப் பேசப்பட்டிலது. எண்பதுகளிலிருந்து சி. மோகன், ந. முருகேசபாண்டியன் முதலிய எழுத்தாளர்கள் அதன் சிறப்பை வற்புறுத்தினர். ஆசிரியர் மறைந்தபின் மறுபதிப்புகள் பல வந்தன. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களைப் பட்டியலிடுவோர் அதனை விடுவதில்லை.

இப்புகழ் உரிய காலத்தில் வந்திலது. இரண்டாம் நாவலுக்குப் பின் அவர் மூன்றாவது நாவல் ஒன்றையும் வெளியிட்டிலர். நாற்பத்திரண்டாம் அகவையில் அத்தகைய நூலொன்றை எழுதி முடித்தவர், பின்னர் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். அந்நெடிய மௌனம் தமிழ் நாவலுக்கு நேர்ந்த இழப்பாகும். அதன் பொறுப்பைப் பதிப்பாளர்மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. யாம் முதுகலை பயின்ற காலத்தில் பிரிவிலக்கியம் ஓராண்டு முழுதும் கற்பிக்கப்பட்டது. ஆயின் சிங்காரத்தின் பெயர் வகுப்பறையில் ஒருமுறையேனும் ஒலித்திலது. பாலையைக் கற்பித்த நாம், கடல் கடந்து பாலையைத் துய்த்து வந்து நம்மிடையே வாழ்ந்தவரை அறியாதிருந்தோம். இதனை ஒப்புக்கொள்ளுதல் தமிழ்த்துறையினர்க்குக் கடன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பிரிவு பற்றிய நம் மரபு பெரிதும் பேசாது விட்ட ஒருபாதியைச் சிங்காரம் எழுதி நிறைவு செய்தார் என்பது பெறப்படும். அவர் அங்கும் அயலவராய், இங்கும் ஒருவாறு அயலவராய் வாழ்ந்தமையே இருமருங்கும் காணும் கண்ணை அவருக்கு அளித்தது. அதே நிலையே அவரை நெடுங்காலம் வாசகரின்றி நிறுத்தியது. ஆகவே அகப்பாடல்களின் பாலையும் 'புயலிலே ஒரு தோணி'யும் ஒருங்கே பாடமாக வைக்கப்படுதல் நன்று. அதனோடு, அரும்பாவூர் போன்ற ஊர்களில் அயலகம் சென்று மீண்டோர் கூறும் வாழ்க்கைச் செய்திகளைத் தமிழ்த்துறைகள் அவர்கள் வாழுங்காலத்திலேயே தொகுத்தலும் வேண்டும்.

அரும்பாவூர் முதியவர்க்கு அந்நாவலின் படி ஒன்றை அனுப்பினோம். கண்பார்வை குறைந்தமையால் அவர் தம் பேரனைப் படிக்கச் செய்து கேட்டார். சில திங்கள் கழித்துச் சந்தித்தபோது அவர் கூறியது இது: "நான் அனுப்பிய பணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஐயா. அது எப்படி வந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. புத்தகத்தைப் படிக்கும்போது என் பேரன் அடிக்கடி நிறுத்தி, 'தாத்தா, நீங்களும் இப்படித்தான் இருந்தீர்களா?' என்று கேட்டான். முப்பது வருஷக் கதையை அவனிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறேன்."